இன்ஜின் வேலைக்குக் கடன் கேட்டால்…



பழைய வாடகைக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் "இன்ஜின் வேலை" என்று குழுவில் கடன் கேட்கிறார்கள். மொத்தத்தையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கட்டுபடியாகாது. பிரிப்பது, டீசலில் கழுவுவது, பூட்டுவது மூன்றையும் தெரிந்த மெக்கானிக்கை வைத்து வீட்டிலேயே செய்யலாம். கோவை ஜி.டி. நாயுடுவே (1893-1974) ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார்.

முதலில் புகையைப் பாருங்க. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சீலாகவும் இருக்கலாம். சீல் மட்டும் என்றால் செலவு கொஞ்சம்தான். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். கம்ப்ரஷன் பார்க்காமல் பிரிக்க விடாதீங்க.

பிரித்த பிறகு சிலிண்டர் பிளாக்கையும் கிராங்கையும் லேத்தில் அளக்கச் சொல்லுங்க. அளவு தெரிந்த பிறகுதான் பிஸ்டன், ரிங், பேரிங் வாங்கணும். முன்கூட்டியே வாங்கி, சைஸ் சேராமல் பணம் முடங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மிச்சம் பிடிக்கிறோம் என்று பழைய கேஸ்கெட்டையே போட வேண்டாம். ஹெட் போல்ட்டைக் கைக்கணக்கில் முடுக்கவும் வேண்டாம். டார்க் ரெஞ்சு ஒரு நாள் இரவல் கிடைத்தால் போதும்.

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. மாட்டுக் கடனுக்கு மாட்டை நேரில் பார்க்கிறோம், இல்லையா? இன்ஜின் கடனை இரண்டு தவணையாகப் பிரியுங்க. லேத்து அளவுச் சீட்டைப் பார்த்த பிறகே இரண்டாவது தவணை. பூட்டிய வண்டியை முதல் 1,000 கி.மீ. மிதமாக ஓட்டி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும். அந்தச் செலவையும் கடன் மனுவிலேயே எழுதச் சொல்லுங்க.