முகப்பருக் களிம்புக்குள் ஒரு புற்றுநோய் மருந்து!

முகப்பருவுக்குத் தடவும் ட்ரெட்டினாயின் களிம்பைப் பார்த்திருப்பீர்கள். அதே மருந்து, குளிகையாக உள்ளே போனால் ஒரு கொடிய ரத்தப் புற்றுநோயையே அடக்கிவிடும், தெரியுமா?

அந்த நோய்க்கு ஏ.பி.எல். என்று பெயர். 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் உருவாகும் புது மரபணு, வெள்ளையணுக்களைப் பிஞ்சிலேயே நிறுத்திவிடும். பிஞ்சுகள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, ரத்தக்கசிவு உயிரைக் குடிக்கும். ட்ரெட்டினாயின் என்ன செய்கிறது? கொல்வதில்லை, முற்றவைக்கிறது! முற்றிய அணு தன் ஆயுள் முடிந்து தானே மடிந்துவிடுகிறது. 1985இல் ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர் இதைக் கொடுத்துக் காப்பாற்றியது ஐந்து வயதுச் சிறுமியை!

ட்ரெட்டினாயினுக்குக் கூட்டு மருந்து எது தெரியுமா? வெள்ளைப் பாஷாணம்! ஆம், ஆர்சனிக்கேதான். மருத்துவமனையில் அளந்து ஏற்றும்போது அது அமுதம். 19ஆம் நூற்றாண்டில் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுத்த ஃபௌலர் கரைசலிலும் ஆர்சனிக்தான் இருந்தது.

சொரியாசிஸ் என்றதும் இன்னொன்று. கருவில் தோலின் மேலடுக்கும் மூளையும் ஒரே படலத்திலிருந்து கிளைத்தவை! மன அழுத்தம் கூடினால் செதிலும் அரிப்பும் கூடுவது பலருக்கும் அனுபவம். 1998இல் அமெரிக்காவின் ஜான் கபாட்-ஜின் குழு, ஒளிச்சிகிச்சையின்போது சில நோயாளிகளுக்குத் தியான ஒலிநாடா போட்டது. மற்றவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் தோல் தெளிந்தது! தொட்டால் ஒட்டாத நோய் இது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்வதே பாதி நோய்.

சரி, அந்த 15-17 இடமாற்றத்தைக் கண்டறிந்தவர் யார்? சிகாகோவின் ஜேனட் ரௌலி, 1977இல். அதற்கும் முன்பே, 1972இல், குரோமோசோம் படங்களைச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம்! அந்தக் காகிதத் துண்டுகளில்தான் 9க்கும் 22க்கும் இடையிலான பரிமாற்றம் அகப்பட்டது. சி.எம்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயின் வேர் அது. அந்த வேரையே குறிவைத்து 2001இல் வந்தது இமாட்டினிப் மாத்திரை.

அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது எந்த ஊர் அலுவலகம் தெரியுமா? நம் சென்னை! 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை வைக்கப்பட்டிருந்த மாத்திரை, பத்தாயிரம் ரூபாய் அளவில் இந்தியத் தயாரிப்பாகத் தொடர்ந்து கிடைத்தது.