அலமாரியிலிருந்து சட்டைப்பைக்கு

இழுப்பு வந்த பிள்ளைக்கு ஒரு நிமிஷம் என்பதே நீண்ட நேரம். அப்படியிருந்தும் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் முன்பு இன்ஹேலர் செவிலியர் அறை அலமாரியில்தான் பூட்டிக் கிடந்தது. மாணவர் கையில் எந்த மருந்தும் இருக்கக் கூடாது என்பது விதி. மைதானத்தில் மூச்சு முட்டினாலும் அந்த அறை வரை நடந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் கருவியே ஒரு சிறுமியின் கேள்வியில் பிறந்தது. மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகள், தன் ஆஸ்துமா மருந்தும் ஹேர் ஸ்பிரே போல வரக்கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாள். 1956இல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அது மாணவர் சட்டைப்பைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம். மாணவர்கள் இன்ஹேலரைத் தங்களிடமே வைத்திருக்க அனுமதிக்கும்படி 2004ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் மாநிலங்களைத் தூண்டியது. இன்று 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு.

ஆனால் பைக்குள் இருந்தால் போதுமா? பதினைந்து வயதில்தான் சிக்கலே. ‘வளர்ந்துட்டான், பாத்துக்குவான்’ என்று அம்மா விட்டுவிடுகிறார். அவனோ, அம்மா ஞாபகப்படுத்துவார் என்றிருக்கிறான். தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து இருவர் கையிலும் இல்லாமல் போகிறது. எடுத்தவுடன் பலன் தெரியாத மருந்து வேறு. விட்டுப்போனது இருமி எழுந்த இரவில்தான் உறைக்கிறது. நண்பர்கள் முன்னால் வாயில் வைத்து இழுக்கக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

நியூயார்க்கின் 5 உயர்நிலைப் பள்ளிகளில் 345 மாணவர்களிடம் நடந்த ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. எட்டு வாரத் திட்டம்: மூன்று குழு வகுப்புகள், பிறகு தனித்தனியே பேசிப் பழக்குதல். அவர்களுடைய மருத்துவர்களோடும் பேசினார்கள். பயிற்சி பெற்றவர்கள் இரவில் விழித்தெழுவதும், அவசர சிகிச்சைக்கு ஓடுவதும் குறைந்ததாக 2011இல் முடிவு வெளியானது.

சொல்லிக் கொடுப்பதில் பாதி, கைப்பழக்கம். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, கருவியின் வாய்ப்பகுதியைச் சுற்றி உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இன்னொரு முயற்சியில் பெற்றோருக்கும் வகுப்பு வைத்தார்கள். பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுவதுதான் அவர்களுக்குப் பாடம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. தினசரித் தடுப்பு மருந்து ஸ்டீராய்டு வகை என்றால், எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். அதனால் அந்த இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வைத்துவிடலாம். இன்னும் எத்தனை முறைக்கு மருந்து மிச்சம் என்று அதில் காட்டும் எண்ணைப் போகிறபோக்கில் பார்த்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ‘எடுத்தியா?’ என்று தினம் கேட்க வேண்டியதில்லை.