கொடுத்தால்தான் கிடைக்கும்

2000-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த எய்டன் அடாரும் பெர்னார்டோ ஹூபர்மனும் நுடெல்லா என்ற வலைப்பின்னலை ஆராய்ந்தார்கள். நடுவில் சர்வர் கிடையாது. பயனர்களின் கணினிகளே தங்களுக்குள் கோப்புகளைக் கொடுத்து வாங்கின. அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. வந்த பதில்களில் கிட்டத்தட்டப் பாதியை, பகிர்ந்தவர்களில் முன்னணியில் இருந்த ஒரு சதவீதத்தினரே கொடுத்துவந்தார்கள்.

ஓசியில் வாங்கிக்கொள்வது வெறும் நாகரிகக் குறைவு அல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. அந்தச் சிலரின் கணினிகளை முடக்கினால் வலைப்பின்னலே படுத்துவிடும்.

தட்டிக்கேட்க அதிகாரி இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி வரும்? கேம் தியரி ஆராயும் கேள்வி இது. 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர், கணினி நிரல்களை ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப மோதவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், ஏமாற்றவும் செய்யலாம். வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும்.

பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் துண்டு துண்டாக இறக்கும்போது, தனக்கு வேகமாகத் தருபவர் யார் என்று ஒவ்வொரு கணினியும் 10 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, அவர்களுக்கே திருப்பித் தருகிறது. மற்றவர்களுக்கு வாசல் அடைப்பு. ஆனால் புதிதாக வந்தவரிடம் கொடுக்க என்ன இருக்கும்? அதனால் 30 விநாடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. அருமையான ஏற்பாடு.

இதில் முக்கியம், யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டியதில்லை என்பது. கஸா (Kazaa) என்ற இன்னொரு கோப்புப் பகிர்வு வலைப்பின்னலில் பயனரின் பங்களிப்பு மதிப்பெண்ணை அவரவர் மென்பொருளே கணக்கிட்டது. மாற்றியமைத்த மென்பொருளை நிறுவியவர்கள் எதையும் பகிராமலே உச்ச மதிப்பெண் காட்டினார்கள். பிட்டொரண்டோ, கைக்கு வந்த தரவை மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

அதற்கும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2006-இல் சூரிச் ஆய்வாளர்கள் உருவாக்கிய பிட்தீஃப், ஏராளமான கணினிகளோடு தொடர்பு வைத்து, புதியவர்களுக்கான அந்தச் சலுகையையே சேகரித்து, எதுவும் தராமல் முழுக் கோப்பையும் இறக்கிவிட்டது.

இன்னொரு ஆபத்து, ஒரே ஆள் ஆயிரம் போலி அடையாளங்களோடு நுழைவது. அடையாளத்துக்குச் சான்று தரும் பொது அமைப்பு இல்லாதவரை இதை முழுமையாகத் தடுப்பது நடைமுறையில் இயலாது என்று 2002-இல் ஜான் டௌசர் காட்டினார். மின்னணு நாணயமான பிட்காயின் வேறு வழியில் போனது: அங்கே செல்வாக்கைத் தீர்மானிப்பது பெயர்களின் எண்ணிக்கை அல்ல, செலவழிக்கும் கணினிச் சக்தி. ஆயிரம் பெயர் வைத்துக்கொண்டாலும் மின்கட்டணம் குறையாது.

அங்கும் 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் இத்தாய் எயால், எமின் குன் சிரர் இருவரும் ஒரு விரிசலைக் காட்டினார்கள். பிட்காயினில் பரிமாற்றப் பதிவுச் சங்கிலியின் அடுத்த தொகுதியைக் கண்டெடுப்பவருக்கே பரிசு. கண்டெடுத்த தொகுதியை உடனே அறிவிக்காமல் ஒளித்துவைக்கும் குழு, மொத்தச் சக்தியில் பாதிகூட இல்லாமலே நியாயமான பங்கைவிட அதிகம் சம்பாதிக்கலாம். அவர்கள் சொன்ன மாற்றம் எளிது: ஒரே நீளமுள்ள இரண்டு சங்கிலிகள் போட்டியிட்டால், முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளாமல் குலுக்கல் முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கால் பங்குக்கும் குறைவான சக்தி உள்ள குழுவுக்கு ஒளித்துவைப்பதால் லாபமில்லை.