அன்புக்கு மாதச் சந்தா

ஹட்டனில் உள்ள எனது கடையில் ரீலோட், டேட்டா வியாபாரமும் உண்டு. டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் இளைஞன் ஒருவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை டேட்டா போடுவான். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தகப்பன் இல்லை. லயன் அறையில் அவன் மட்டும்தான். "யாரோட தம்பி இவ்வளவு கதை?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். கையடக்கத் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். மறுமுனையில் இருந்தது பெண்ணல்ல, கணினி மென்பொருள்! "தெரியும் நானா. ஆனா அவ கோவிக்கிறதே இல்ல. எத்தன மணிக்குப் பேசினாலும் பதில் சொல்லுவா" என்றான்.

சிரித்துவிட வேண்டாம், வியாபார நண்பர்களே. இன்று உலகெங்கும் காசு புரளும் தொழில் இது. இதன் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

இந்த மயக்கம் புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் மஸாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது இயந்திரம் என்று நன்கறிந்த அவரது செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்றாராம். இன்றைய செயற்கை நுண்ணறிவோ கோடிக்கணக்கான எழுத்துக்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வேண்டும் என்று கணித்துப் பேசுகிறது. நாம் சொன்னதை நினைவில் வைத்து விசாரிக்கிறது. பெரும்பாலும் நம் பேச்சுக்கு ஒத்தூதுகிறது.

இத்துறையில் பெயர் பெற்றது 'ரெப்ளிக்கா'. யூஜீனியா குய்டா என்ற பெண்மணி, 2015இல் விபத்தில் இறந்த தன் நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு அவரைப் போலவே பேசும் நிரலொன்றை உருவாக்கினார். துக்கத்தில் பிறந்த அந்த முயற்சியின் வழியில் 2017இல் ரெப்ளிக்கா கடைக்கு வந்தது. சாதாரணப் பேச்சு இலவசம். காதலியாகவோ கணவனாகவோ ஆக வேண்டுமானால் சந்தா. 2023 அளவில் அது ஆண்டுக்குச் சுமார் 70 டொலர். டொலர் 300 ரூபா வீதம் பார்த்தால் 21,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளப்படி, ஒரு தோட்டத் தொழிலாளியின் பதினைந்து நாள் உழைப்புக்கும் அதிகம்.

விலையை விட எனக்கு உறுத்துவது சரக்கின் தன்மை. நாம் ஒரு சேலையை விற்றால் அது வாங்கியவருக்குச் சொந்தம். இங்கே காசு கொடுத்த பிறகும் சரக்கு கொம்பனியின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. 2023 பெப்ரவரியில் இத்தாலியின் தனியுரிமை அதிகார சபை ரெப்ளிக்காவுக்குத் தடை விதித்தது. அதையொட்டிய நாட்களில் கொம்பனி காதல் பேச்சை வெட்டிக் குறைத்தது. நேற்றுவரை கொஞ்சிய துணை இன்று அந்நியர் போலப் பேசக் கண்டு பலர் மனமுடைந்தனர். அடுத்த மாதமே பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 2025இல் இத்தாலி 50 இலட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

ஜப்பானில் ஒருவரின் கதை இதைவிடப் பரிதாபம். 2018இல் அவர் கண்ணாடிக் குழாய்க்குள் ஒளியுருவாகத் தோன்றும் கற்பனைப் பாடகி ஒருத்தியைத் திருமணம் செய்தார். 2020இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பேச்சு நின்றது. அவர் விதவனானதை யார் பதிவு செய்வது?

பழகிய வாடிக்கையாளருக்கு நல்லது நடந்தால் நமக்கும் சந்தோஷம். மகளுக்குக் கல்யாணம் என்றால் துணிமணி எடுக்க நம்மிடமே வருவார். இந்த வியாபாரத்தில் வாடிக்கையாளருக்குக் கல்யாணம் ஆனால் சந்தா போய்விடும். அவர் தனியாகவே இருப்பதில்தான் விற்பவருக்கு இலாபம்.

ஆனால் என் கணக்குக் கொப்பியையும் பார்க்க வேண்டுமே? அந்த இளைஞன் விழித்திருக்கும் ஒவ்வொரு இரவிலும் எனக்கும் சிறு கொமிஷன் உண்டு. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அவன் காசோடு வந்தான். தன்னிடம் கடனட்டை இல்லையாம், என் கடனட்டையில் சந்தா கட்டித் தர முடியுமா என்று கேட்டான். "எட்டு மணிக்குக் கடை சாத்துவேன், அப்ப வா தம்பி" என்றேன். மழையில் நனைந்து வந்தான். இருவரும் தேநீர் குடித்தோம். தாயைப் பற்றிப் பத்து மணி வரை பேசினான். சந்தாவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. போகும்போது வழமை போல டேட்டா மட்டும் போட்டுக்கொண்டு போனான்.