நடைப்பொறியும் நடுக்குவாதமும்

மனிதன் கற்ற கலைகளுள் மிகவும் பழமையானது நடை. கற்றதையே அவன் மறந்துவிட்ட கலையும் அதுதான். குழந்தைப் பருவத்தில் விழுந்தும் எழுந்தும் பயின்ற இக்கலை, பின்னர் நம் கவனத்தை வேண்டுவதே இல்லை. உக்கடத்திலிருந்து டவுன்ஹால் வரை பேசிக்கொண்டே நடந்து வரும் இரு நண்பர்களை நிறுத்தி, எத்தனை அடி வைத்தீர்கள், எந்தக் காலை முதலில் எடுத்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் திகைத்துப் போவார்கள். அந்தக் கணக்கையெல்லாம் மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதி, நம்மைக் கேளாமலே வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கர் தளர்ந்துவிட்டால் என்ன நேரும்? அவர் செய்த பணியை ஒரு பொறியைக் கொண்டு ஓரளவேனும் ஈடுசெய்ய இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ, அப்பாரு என்றும் அப்பிச்சி என்றும் நாம் அழைக்கும் பாட்டனார் ஒருவர் இருக்கக்கூடும். ஓய்ந்திருக்கும்போது அவருடைய கை நடுங்கும். முதுகு முன்னோக்கி வளைந்திருக்கும். நடக்கும்போது கை வீச்சு இராது. அடிகள் சிறுத்து, பாதங்கள் தரையைத் தேய்த்துச் செல்லும். வாயிற்படியருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவார். வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் எண்ணிக்கொள்வர். முதுமை வேறு, இந்நோய் வேறு. தமிழில் நடுக்குவாதம் எனப்படும் இதனை மருத்துவ உலகம் பார்க்கின்சன் நோய் என்று வழங்குகிறது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் மருத்துவர். 1817-ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூல் எழுதி, ஆறு நோயாளரைப் பற்றிய குறிப்புகளை அதில் தந்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. அவர்களுடைய நடையும் தோற்றமுமே நோயை உணர்த்தப் போதுமானவையாக இருந்தன. நடைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு அத்தகையது. அவர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 11-ஆம் நாள், இந்நோய் பற்றிய விழிப்புணர்வு நாளாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறது.

இனி, நோயின் காரணத்தைப் பார்ப்போம். நடுமூளையில் கருநிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. பழகிப்போன அசைவுகள் தாமாகவே, உரிய அளவிலும் உரிய வேகத்திலும் நிகழ்வதற்கு அப்பொருள் இன்றியமையாதது. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். மூளையில் டோபமைன் ஆற்றும் பணியைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உடலுக்குள் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபா என்னும் மருந்தே இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பாக விளங்குகிறது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இப்பொருள் உண்டு என்பது வியப்பன்றோ? அவ்விதையிலிருந்து அதனைத் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் சென்னையில் பிரித்தெடுத்து 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும், விதைக்கு விதை அதன் அளவு மாறும். ஆதலின் அதனைத் தாமே அரைத்து உண்பது ஆபத்தாய் முடியும்.

மருந்து நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கிறது. நடையையும் ஓரளவு சீராக்குகிறது. ஆனால் நோய் முதிர முதிர, தடுமாற்றமும் கால் ஒட்டிக்கொள்வதும் மருந்துக்கு முழுமையாக அடங்குவதில்லை. இங்குதான் பயிற்சிக்கு வேலை வருகிறது.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். வெறுந்தரையில் அடியெடுத்து வைக்க இயலாமல் நிற்கும் நோயாளர், தரையில் குறுக்கே கோடுகள் வரைந்துவிட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். சமதரையில் தயங்குபவர் படிக்கட்டில் ஏறிவிடுவதும் உண்டு. தாளத்தைக் கேட்டால் கால் எழுகிறது. இதன் பொருள் என்ன? காலில் வலிமை இருக்கிறது. நடக்கும் அறிவும் அழிந்துவிடவில்லை. உள்ளிருந்து வரவேண்டிய கட்டளை மட்டும் மெலிந்துவிட்டது. அதற்கு ஈடான குறிப்பு வெளியிலிருந்து வந்தால், மூளை வேறொரு வழியைப் பிடித்துக்கொண்டு நடையை நடத்துகிறது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. மின்மோட்டார் வருமுன்னர், கிணற்றின் மேல் நீண்ட ஏற்றமரத்தில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவர்கள் இருந்தனர். அவர்கள் ஏற்றப்பாட்டுப் பாடினர். இறைத்த சால்களை எண்ணுவதற்கும், அடியின் வேகம் குன்றாமல் இருப்பதற்கும் அப்பாட்டு உதவியது. களைத்த காலைத் தாளம் நடத்திச் சென்றது. அந்தத் தாளத்தின் பணியைத்தான் இன்று மருத்துவமனையில் டிரெட்மில் என்னும் நடைப்பொறி செய்கிறது.

அப்பொறியின் அமைப்பு எளியது. மாவு மில்லில் இரு சக்கரங்களுக்கிடையே பெல்ட் ஓடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோலவே இரு உருளைகளைச் சுற்றி ஓர் அகன்ற பட்டை ஓடுகிறது. மோட்டார் அதனை இழுக்கிறது. நடப்பவரைப் பட்டையின் கீழுள்ள பலகை தாங்குகிறது. இதன் மூதாதையின் வரலாறு இனியதன்று. 1818-ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர், சிறைக்கைதிகள் ஓயாது மிதிக்க வேண்டிய ஒரு படிச்சக்கரத்தை அமைத்தார். தண்டனைக்கென அமைந்த அக்கருவியின் வழித்தோன்றல், 1950-களில் அமெரிக்க மருத்துவர்களின் கையில் இதயத்தைச் சோதிக்கும் கருவியாயிற்று. பின்னர் நடை பயிற்றும் ஆசிரியராகவும் உயர்ந்தது.

அது எவ்வாறு கற்பிக்கிறது? ஓடும் பட்டை, ஊன்றிய காலைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும். அடி சிறிதாயின் நடப்பவர் பின்தங்கிவிடுவார். ஆகவே அவர் அடியை நீட்டி வைத்தே தீரவேண்டும். பட்டையின் வேகம் மாறாதிருப்பதால் அடிகளும் ஒரே சீராக விழுகின்றன. கைப்பிடியும் இடுப்புப் பட்டையும் இருப்பதால் விழும் அச்சம் நீங்குகிறது. ஒரே அசைவு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழ்கிறது. வாய்ப்பாட்டை மனத்தில் பதிக்க நீங்கள் கையாண்ட வழியும் இதுதானே!

இம்முறை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் கழகம் இருக்கிறது. அங்கு 60 நோயாளரை மூன்று சம குழுக்களாகப் பிரித்தனர். மூன்று குழுவினரும் தத்தம் மருந்தை மாற்றமின்றி உண்டு வந்தனர். முதற்குழுவுக்கு மருந்து மட்டுமே. இரண்டாம் குழுவுக்கு வழக்கமான நடைப்பயிற்சியும் உண்டு. மூன்றாம் குழுவுக்கு நடைப்பொறிப் பயிற்சி. அதில் உடல் எடையில் 20 விழுக்காட்டை மேலிருந்து தொங்கும் பட்டைகள் தாங்கிக்கொண்டன; 60 கிலோ எடையுள்ளவர், 48 கிலோவை மட்டுமே தம் காலில் சுமந்தார். பயிற்சி நாளொன்றுக்கு 30 நிமிடம். வாரத்துக்கு 4 நாள். மொத்தம் 4 வாரம். கூட்டிப் பார்த்தால் எட்டே மணி நேரம்! 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, நிற்கும் சமநிலையிலும் நடையிலும் மூன்றாம் குழுவினர் ஏனைய இரு குழுவினரையும் விஞ்சினர்.

மூன்று குழுக்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒருவர் தேறினால், அது மருந்தினாலா, நடந்ததனாலா, பொறியினாலா என்று எவ்வாறு அறிவது? ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லையேல் அந்த ஐயம் தீராது. அறிவியலின் நேர்மை இந்த ஒப்பீட்டில்தான் அடங்கியிருக்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு, 2015-ஆம் ஆண்டில் இத்தகைய 18 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட 633 நோயாளரையும் ஒருங்கே ஆராய்ந்தது. பயிற்சி பெற்றவர்களின் நடைவேகம், சராசரியாக விநாடிக்கு 9 சென்டிமீட்டர் கூடியது. காலடியின் வீச்சு 5 சென்டிமீட்டர் நீண்டது. இவ்வளவுதானா என்று இகழ வேண்டா. காந்திபுரத்தில் ஒரு சாலையைக் கடக்க 20 விநாடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் அவர் 180 சென்டிமீட்டர் கூடுதலாகச் சென்றிருப்பார். வண்டி வருவதற்குள் ஓரத்தை அடைவதும் அடையாததும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எனினும், ஒரே மூச்சில் நடக்கும் தொலைவு கூடியது என்பதற்கு அத்தொகுப்பில் உறுதியான சான்று இல்லை. பயன் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதும் அதில் முடிவாகவில்லை.

2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு, நோயின் தொடக்க நிலையில் இருந்த, இந்நோய்க்கு இன்னும் மருந்து தொடங்காத 128 பேரைப் பற்றியது. இதயம் வேகமாகத் துடிக்கும் அளவுக்கு நடைப்பொறியில் கடும் பயிற்சி பெற்றவர்களின் அசைவுக் குறைகள், ஆறு மாதக் காலத்தில் ஏறக்குறைய நிலையாகவே இருந்தன. பயிற்சி பெறாதவர்களுக்கோ அவை கூடின. இதனால் நோய் நின்றுவிட்டது என்று கூறலாகாது. உடற்பயிற்சியும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இது நல்ல சான்று.

இப்பொறியை வாங்கி வந்து வீட்டில் வைத்து, முதியவரை அதன் மேல் ஏற்றிவிடலாமா? கூடாது. முதலில் நரம்பியல் மருத்துவர் அவரைப் பார்க்கவேண்டும், இதயமும் சோதிக்கப்படவேண்டும். பிசியோதெரபிஸ்ட் அருகில் நின்று, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கவேண்டும். பொறியை உடனே நிறுத்தும் கயிறு நோயாளரின் சட்டையில் மாட்டப்பட்டிருக்கவேண்டும். மருந்து நன்கு வேலை செய்யும் நேரமே பயிற்சிக்கு உகந்தது.

பொறி இல்லாத வீட்டிலும் அதன் தத்துவம் பயன்படும். திண்ணையில் சுண்ணாம்புக் கோடுகள் வரையலாம். ஒன்று, இரண்டு என்று நீங்கள் உரக்க எண்ண, அவர் எட்டி அடிவைக்கலாம். நடக்கும்போது அவரோடு பேச்சுக் கொடாதீர்கள். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், வளைந்து வரச் சொல்லுங்கள். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவர் விழுந்துவிடக்கூடும். சற்று நிற்கட்டும்; உடலை ஒருபுறம் சாய்த்து எடையை ஒரு காலுக்கு மாற்றட்டும்; பிறகு மறுகாலை எடுத்து வைக்கட்டும்.

பெரியவர்களை உட்காரவைத்து உபசரிப்பது கொங்கு நாட்டின் பண்பு. ‘நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்று அன்போடு சொல்லிவிடுகிறோம். இந்நோய் கண்டவருக்கோ அந்த அன்பே தளையாகிவிடுகிறது. உட்கார்ந்த கால் மேலும் விறைக்கிறது. விறைத்த கால் மேலும் தயங்குகிறது. சில மாதங்களில் அவருடைய உலகம் ஒரு நாற்காலியின் அளவாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, மாணவர்களே, பள்ளியும் கல்லூரியும் முடிந்து வீடு திரும்பும் மாலையில் ஒரு கால்மணி நேரத்தை அவருக்கென ஒதுக்குங்கள். மருத்துவர் இசைந்த அளவில் அவருடன் நடந்து, அவருடைய அடிகளை எண்ணுங்கள். உங்களுக்கு நடக்கக் கற்றுத்தந்த கைகளுள் அவருடைய கையும் ஒன்று.