பள்ளிக் கணக்கும் தணிக்கைக்கு உரியதே

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார அரசு மேல்நிலைப் பள்ளிகளை ஒப்பிடும் அங்கத்தினர்கள் தேர்ச்சி விகிதத்தை மட்டும் நோக்குதல் போதாது. சங்கக் கணக்கில் இலாபத்தோடு நிலுவையையும் நாம் பார்க்கிறோம் அல்லவா?

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 100 பேரில் 60 பேரே பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி, 57 பேர் தேறினால் விகிதம் 95. மற்றொன்றில் 90 பேர் எழுதி, 81 பேர் தேறினால் விகிதம் 90. ஆயினும் பின்னதே 24 பிள்ளைகளை அதிகமாகக் கரையேற்றிய பள்ளி.

விகிதத்தில் மயங்கி, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டு உரிமையும் இல்லாமற் போகும்.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவில் நாம் கேட்க வேண்டியவை மூன்று: சேர்ந்தவர் எத்தனை பேர், எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர்?