புதுசா வாங்கின சவரக்கத்தி ஷேவ் பண்ணாது... தெரிஞ்சே ஏன் வாங்குறாங்க?

பார்சலைப் பிரித்த கையோடு சோப்பு நுரை போட்டு, கன்னத்தில் வைத்து இழுத்தேன். முடி வெட்டுப்படவில்லை, வேரோடு பிடுங்கியது மாதிரி இருந்தது. 600 ரூபாய்க்கு வாங்கிய மடக்குச் சவரக்கத்தி. தெரு முனை சலூன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெருவிரலைக் குறுக்கே வைத்து லேசாகத் தடவிப் பார்த்தவர், "தம்பி, இது இன்னும் கத்தியே ஆகல. கத்தி மாதிரி ஒரு இரும்பு, அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னது கிண்டல் இல்லை, துல்லியமான விளக்கம். உலகம் முழுக்க ஒரு கூட்டம் இந்த 'கத்தி மாதிரி இரும்பை' தெரிந்தே வாங்குகிறது. வாங்கி, வாரக்கணக்கில் ராவி, தேய்த்து, தீட்டி, கைப்பிடியை மாற்றிக் கத்தியாக்குகிறது. அதில் அப்படி என்ன இருக்கு?

எந்தக் கத்தி இது?

'ஸ்கைஃபால்' (2012) படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு மணிபென்னி சவரம் செய்துவிடும் காட்சி ஞாபகம் இருக்கா? அதே கத்திதான். ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர் நகரங்களில் இன்றும் தயாராகிறது. ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். பழசு வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த நூறு வருஷத்துக் கத்திகள் துருவோடு கிடைக்கும். மூன்றாவது வழி, சில டாலர்களுக்குக் கிடைக்கும் சீனக் கத்திகள். அதில் 'கோல்டு டாலர்' பிராண்டின் 66-ம் நம்பர் மாடல் இந்த ஹாபிக்காரர்களின் செல்லப்பிள்ளை.

காரணம் எளிது. இந்த விலைக் கத்திகளில் இரும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கூரைத் தாங்கும். கெட்டுப்போவது அதற்கு அப்புறம் வரும் அரவை வேலையில். அங்கேதான் கைவேலை, நேரம், கூலி எல்லாம் இருக்கு. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் அங்கேதான் கை வைக்க முடியும்.

எல்லாம் முதுகில்தான் இருக்கு

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்தியில் அந்தத் தலைவலி கிடையாது. கத்தியைச் சாணைக்கல்லில் அப்படியே படுக்க வைக்க வேண்டும். தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமன் 5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை அகலம் 18 மி.மீ. என்றால் கூரின் கோணம் தானாகவே சுமார் 16 டிகிரி வந்துவிடும். கோணம் கத்திக்குள்ளேயே இருக்கு.

இப்போது அந்த முதுகு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, நடுவில் லேசாக வளைந்தும் இருந்தால்? வாயின் சில இடங்களைக் கல் தொடவே தொடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். வாய் முழுக்க மை பூசி, கல்லில் ஒரே ஒரு தடவை இழுங்கள். எங்கே மை அழியவில்லையோ அங்கே கல் படவில்லை. என் கத்தியில் முனையில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். அடிப்பக்கம் மை அப்படியே பளபளவென்று இருந்தது.

அதற்குக் காரணம், வாயும் தண்டும் சேரும் இடத்தில் இருக்கும் தடித்த மேடு. கத்தியைப் படுக்க வைத்தால் இந்த மேடு கல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருக்கும் வாயைத் தூக்கிவிடும். அதனால், மாற்றி அமைக்கும் வேலையில் முதல் வெட்டு இங்கேதான். வாயின் அடி மூலையில் ஒரு நாணயத்தை வைத்து வளைவாகக் கோடு போட்டு, அதுவரை ராவி எடுத்துவிடுவார்கள். மேட்டையும் மெலிதாக்குவார்கள். பிறகுதான் அலங்காரம். முனையை உருட்டுவது, தண்டின் அடியில் விரல் வழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன வெட்டுகள் போடுவது, பிராண்டு எழுத்தை உப்புத்தாளால் அழித்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்குவது எல்லாம் அவரவர் இஷ்டம்.

நீல நிறம் வந்தால் கதை முடிந்தது

இங்கேதான் நான் சொதப்பினேன். கையால் ராவப் பொறுமையில்லாமல், நண்பனிடம் சின்ன கிரைண்டர் கடன் வாங்கினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடி மூலையில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் அழகான நீலம்.

அந்த அழகுதான் ஆபத்து. கத்தி இரும்பைக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, திரும்ப மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருப்பார்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் பதம் இறங்கிவிடும். இரும்பின் மேல் வைக்கோல் நிறம் தெரிய 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300. அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வாய்ப்பக்கம் காகிதத்தைவிட மெலிது என்பதால் சூடு நொடியில் ஏறும். மெஷின் வைக்கிறவர்கள் கையுறை இல்லாமல், வெறும் விரலால் பிடித்து, விரல் சுடும் முன்னே தண்ணீரில் முக்குகிறார்கள். விரல்தான் அவர்களின் தெர்மாமீட்டர்.

இரண்டாவது கத்தியில் மெஷினே வேண்டாம் என்று முடிவு பண்ணி, ஈரம் போகாத உப்புத்தாளால் தேய்த்தேன். நாலு வார இறுதி போச்சு.

கல்லும் தோலும்

தீட்டுவது 1,000 நம்பர் கல்லில் ஆரம்பிக்கும். வாயின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கும் சரியாகச் சந்திக்கிற வரை அடுத்த கல்லுக்குப் போகக்கூடாது. இங்கே அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் மணிக்கணக்கில் புலம்புகிறார்கள். அப்புறம் 4,000, 8,000, 12,000 என்று நகரும். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை அழிக்கத்தான். கடைசியில் தோல் வார். அதில் மட்டும் வாயை முன்னால் தள்ளக்கூடாது, முதுகு முன்னே போக வேண்டும், இல்லையென்றால் தோல் கிழியும். திருப்பும்போதும் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும்.

கைப்பிடி மாற்றுவது ஒப்பிட்டால் ஜாலியான வேலை. பழைய ஆணியை அறுத்து, மரமோ கொம்போ அக்ரிலிக்கோ அளவெடுத்து வெட்டி, 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியை நுழைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் தலை உருவாக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கைப்பிடி விரியும்.

பழசு வாங்குறீங்களா?

பழைய கத்தியில் மேல்துரு பிரச்னையில்லை, தேய்த்தால் போய்விடும். வாயின் ஓரத்தில் குழி விழுந்திருந்தால் வாங்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும். செல்லுலாய்டு கைப்பிடி நாள்பட்டால் சிதைந்து அமில வாயுவை விடும். மூடிவைத்த கத்தி, கைப்பிடிக்குள் இருந்த பகுதியில் மட்டும் துருப்பிடித்திருந்தால் சந்தேகம் அதன் மேல்தான். எளிதில் தீப்பிடிக்கிற பொருள் வேறு. தந்தக் கைப்பிடி என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள், இந்தியாவில் தந்த வியாபாரம் சட்டவிரோதம்.

இன்னொருத்தர் ரத்தம் பட்ட கத்தி என்பதையும் மறக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து, கிருமி நீக்கம் செய்தபிறகுதான் முகத்துக்கு. அதன்பிறகு அண்ணன் தம்பிக்குக்கூட இரவல் கிடையாது.

இந்தப் பயம்தான் நம்ம ஊர் சலூன்களிலிருந்து முழுக்கத்தியை வெளியேற்றியது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்து வந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரங்களுக்குப் பிறகு, 'புது பிளேடு போடுங்க' என்று கஸ்டமரே கேட்க ஆரம்பித்தார். பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே இதே கத்தி, ஒரு சமூகத்தின் மேல் பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலின் அடையாளமாக இருந்தது. அதைச் சொல்லியே இழிவுபடுத்தியிருக்கிறார்கள். "எங்க அப்பா இந்தத் தோல் வாரைப் பார்த்தாலே எனக்கு வேற வேலை தேடச் சொல்வாரு. நீ காசு குடுத்து வாங்கி வெச்சிருக்க" என்று சலூன் அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இரண்டாவது கத்தியை அவரே வாங்கி, தன் உள்ளங்கையிலேயே நாலு தரம் தீட்டிக் கொடுத்தார். "அழுத்தாத. கத்தியோட கனமே போதும்" என்றார்.

காசு மிச்சமா என்று கேட்டால், இல்லவே இல்லை. கல், தோல் வார், உப்புத்தாள் எல்லாம் சேர்ந்து கத்தியைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டது. இப்போதைக்கு இடது கன்னம், வலது கன்னம் மட்டும் இந்தக் கத்தியில். தாடைக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அங்கே பழைய பிளாஸ்டிக் ரேஸர்தான். நீலம் பாய்ந்த முதல் கத்தி ஆபீஸ் டிராயரில் இருக்கு, பார்சல் பிரிக்க.